அடுத்த உலை

அருமைநாயகம் அந்த ஆசிரமத்துக்கு வந்தது ஞானம் தேடி அல்ல. மனைவி திரும்பி வர வேண்டும் என்பதற்காக. அதை வாசலிலேயே சொல்லிவிட்டார்.

ஆசிரமம் தேரி என்ற செம்மணல் மேட்டின் ஓரத்தில் இருந்தது. ஒரு ஜெபக்கூடம், ஓர் அடுக்களை, வரிசையாகச் சில ஓட்டு வீடுகள். தங்கியிருந்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். பொறுப்பில் இருந்தவர் தொற்காள் அம்மா. எல்லோரும் அம்மா என்று அழைத்தாலும் வயதில் அருமைநாயகத்தைவிட நன்றாக இளையவர். அதனால் அவர் இவரை அண்ணாச்சி என்றார். இவர் அவரை அம்மா என்றார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஊர்க் கோவிலில் அசன விருந்து. சபையார் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் நாள். அருமைநாயகத்தின் மனைவி எப்சிபா பரிமாறிக்கொண்டிருந்தார். பந்தியை எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதில் சின்னதாக ஒரு தவறு. அருமைநாயகம் இருந்த இடத்திலிருந்தே ஏசினார். வாழ்நாள் முழுவதும் பேருந்தில் நடத்துநராக இருந்தவரின் குரல் அது. கடைசி இலைவரை கேட்டது.

எப்சிபா பந்தி முடியும்வரை பரிமாறினார். கை கழுவினார். சாயங்காலப் பேருந்தில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்படி ஏசுவது முதல் தடவை அல்ல என்று அருமைநாயகமே சொன்னார். அவள் போனதுதான் முதல் தடவை.

பிறகு ஊர்க் கோவில் உபதேசியார் வழியாக எப்சிபாவிடமிருந்து ஒரு சேதி வந்தது. தனக்குக் கோபம் இல்லை, அலுத்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார். எப்சிபாவின் தாயார் தன் கடைசிக் காலத்தில் இந்த ஆசிரமத்தில்தான் கிடந்தார். அந்தப் பழக்கத்தில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இவரோடு இருக்கலாம் என்று தொற்காள் அம்மா ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் வருகிறேன்.

"எனக்குப் பொறுமை வேணும்மா" என்றார் அருமைநாயகம். "எம்புட்டு நாளாகும்?"

தொற்காள் அம்மா யோசித்தார்.

"சமைப்பீங்களா?"

"சோறு வடிப்பேன்."

"போதும்" என்றார்.

அடுக்களை வாசலில் ஒரு மண்பானை இருந்தது. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போட வேண்டும். அந்தப் பக்கத்து வீடுகளில் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான். சனிக்கிழமை அந்த அரிசி பக்கத்துக் குப்பத்தில் தனியாக இருந்த ஒரு விதவைக்குப் போகும். தொற்காள் அம்மா அதோடு ஒன்றைச் சேர்த்தார். அரிசிக்குள் கை இருக்கும்போது வாய் பேசக் கூடாது.

அருமைநாயகம் மேலும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"ஜெபம்?"

"எல்லாரோடயும் ஜெபக்கூடத்துல."

"உபவாசம் இருக்கேம்மா. லெந்து நாள் தொடங்கப் போவுது."

"சோறு வடிக்கிற ஆளு பட்டினி கிடந்தா பதம் பாக்க முடியாது, அண்ணாச்சி."

அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. மணலில் முழங்கால் போட்டு அழ வேண்டியிருக்கும், உடம்பை வருத்த வேண்டியிருக்கும் என்று தயாராகி வந்தவர் அவர். அதற்கெல்லாம் அவரிடம் தெம்பு இருந்தது. ஒரு பிடி அரிசிக்கு எதற்குத் தெம்பு?

அடுக்களையில் அவருக்குத் துணை மாசிலாமணி. காய் நறுக்குவது, அடுப்பெரிப்பது அவர் வேலை. ஒரு கால் வளைந்திருக்கும். வாய்க்கு அந்தக் குறை கிடையாது. நடத்துநர் வந்திருக்கிறார், இனி சோறுகூடச் சில்லறை சரியாகக் கொடுத்தால்தான் கிடைக்கும் என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வாரத்திலேயே அருமைநாயகம் பிடி அரிசியை மறந்தார். அரிசி முழுவதும் கொதிக்கும் தண்ணீரில் விழுந்த பிறகுதான் நினைவு வந்தது. கரண்டியோடு ஓடினார். தொற்காள் அம்மா ஒரு நோயாளியின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டேம்மா. அடுத்த தடவ ரெண்டு பிடியாப் போட்டுரட்டுமா?"

"வேண்டாம்."

"பின்ன இது?"

"இந்த உலை போச்சு. அடுத்த உலை வரும்." கட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்.

போனது போனதுதான் என்பதை அருமைநாயகத்தால் ஏற்க முடியவில்லை. வசூலில் குறைந்தால் அடுத்த நடையில் சரிக்கட்டிப் பழகியவர் அவர்.

ஒருநாள் சாயங்காலம் மாசிலாமணி வழியை மறித்து நின்று விறகைப் பிளந்துகொண்டிருந்தார். அருமைநாயகம் சுடுகஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நகரும் வே. உள்ள போம்."

"விசில ஊதும், நகருதேன்" என்றார் மாசிலாமணி.

திண்ணையோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அருமைநாயகம் சட்டியை இறக்கி வைத்தார். மாசிலாமணியின் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மாசிலாமணி விறகை அடுக்கி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

அருமைநாயகம் நேரே தொற்காள் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். கையில் வேதபுத்தகம் இருந்தது. அதன்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணுகிறேன், சாகும்வரை யாரையும் ஏச மாட்டேன் என்றார். அதில் பொய் இல்லை.

தொற்காள் அம்மா புத்தகத்தை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தார்.

"எப்சிபா அக்காவக் கட்டின அன்னைக்குப் பீடத்துக்கு முன்னால நின்னு என்ன சொன்னீங்க?"

அருமைநாயகம் தரையைப் பார்த்தார்.

"நேசிச்சு ஆதரிப்பேன்னு."

"அது சத்தியந்தானே?"

அவர் தலையாட்டினார்.

"மாசிலாமணிகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சா?"

"நாளைக்குக் காலையில கேக்கேம்மா. மனசு ஆறட்டும்."

"யாரு மனசு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு கிணற்றடிக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது மாசிலாமணி முன்னால் வந்தார். தேங்காயைத் துருவும் வே, நேரமாகிறது என்று மட்டும் சொன்னார்.

ஆசிரமத்துக்குப் பால் ஊற்றுகிறவன் ஒருநாள் பாலில் நிறையத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தான். அது நோயாளிகளுக்கான பால். தொற்காள் அம்மா அவனை வாசலில் நிறுத்திப் பேசினார். குரல் உயர்ந்தது. அடுக்களைவரை கேட்டது. பால்காரன் முகம் சிவக்கச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் தொற்காள் அம்மா செருப்புகூடப் போடாமல் அதே பாதையில் இறங்கிப் போனார். உச்சி வெயில். அருமைநாயகம் பார்த்துக்கொண்டே இருந்தார். தூரத்தில் சைக்கிள் நின்றது. இருவரும் நின்று பேசினார்கள். பிறகு அம்மா திரும்பி வந்தார்.

"தண்ணி ஊத்தினது அவன்தானேம்மா?"

"ஆமா. பால் அவன் தப்பு. பேச்சு என் தப்பு."

"உங்களுக்கும் கோவம் வருமா?"

"இந்த வாரத்துல இது ரெண்டாவது."

அருமைநாயகத்துக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எத்தனை வருடமாக இதைப் பழகுகிறீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடம் முடித்து இங்கே வந்ததிலிருந்து என்றார் அம்மா.

"அப்ப எனக்கு எப்பம்மா முடியும்?"

தொற்காள் அம்மா தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு காலில் ஊற்றினார். தேரி மணல் சிவப்பாக வழிந்தது.

"மணல்ல நடந்தா ஒட்டும். கழுவுதேன். நாளைக்கும் நடக்கணும்."

அந்தப் பதில் அருமைநாயகத்தைத் தேற்றவில்லை. பயமுறுத்தியது. குருத்தோலை ஞாயிறும் கழிந்துவிட்டது. ஈஸ்டருக்கு எப்சிபா வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தார். முடிவே இல்லாத ஒன்றை முடித்துவிட்டு எப்படி அவளைக் கூப்பிடுவது?

மறுநாள் டவுனுக்குப் போனார். பேருந்தின் கூரையில் ஒரு மூட்டை அரிசியோடு திரும்பினார். மண்பானையில் கொட்டினார். அது நிறைந்து வழிந்தது. மீதி மூட்டையைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு அம்மாவை அழைத்து வந்தார்.

"ஒரு வருசத்துப் பிடி அரிசியையும் சேத்துப் போட்டுட்டேம்மா. கூட இருக்குமே தவிரக் குறையாது. இனி எப்சிபாவுக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க."

மாசிலாமணி வாயைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

தொற்காள் அம்மா கேலியாக எதுவும் சொல்லவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். குப்பத்தில் இரண்டு மூன்று வீடுகளில் அடுப்பெரியவில்லை என்று கேள்விப்பட்டிருந்தாராம். பானையிலிருந்ததையும் மூட்டையிலிருந்ததையும் அன்றைக்கே அங்கே அனுப்பினார். எப்சிபாவைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அருமைநாயகம் பிடி எடுக்காமல் அரிசியை உலையில் போட்டார். பானை காலியாக இருந்தது. அம்மா அடுக்களைக்குள் வந்தார், பானையை எட்டிப் பார்த்தார், போய்விட்டார்.

சாப்பாட்டு நேரம். எல்லோர் முன்னாலும் தட்டு வைத்துச் சோறு பரிமாறியாயிற்று. அங்கே ஜெபம் பண்ணாமல் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. ஜெபிப்பது தொற்காள் அம்மா. எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள்.

"சாப்பிடுங்க" என்றார் அம்மா.

கண்கள் திறந்தன. யாருக்கும் புரியவில்லை.

"நேத்தே ஒரு வருசத்துச் சாப்பாட்டுக்கும் சேத்து ஜெபம் பண்ணிட்டேன். இனி அடுத்த வருசம் பண்ணினாப் போதும். சாப்பிடுங்க."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பார்வையில்லாத ஒரு வயதான பெண் சோற்றருகே கொண்டுபோன கையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். ஈ ஒன்று தட்டுக்குத் தட்டு பறந்தது.

"கொழம்பு ஆறுதும்மா" என்றார் மாசிலாமணி.

"நான் யாரையும் தடுக்கலையே."

ஒருவரும் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை. சோற்றிலிருந்து ஆவி வருவது நின்றது.

அருமைநாயகம் பரிமாறிய வாளியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்தார். சபையில் வாய்விட்டு ஜெபித்துப் பழக்கமில்லாதவர் அவர். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே" என்றார். "இந்தச் சோத்துக்கு ஸ்தோத்திரம்." நின்றார். "இன்னைக்கு உள்ளதுக்கு."

"ஆமென்" என்றார்கள். சாப்பிடத் தொடங்கினார்கள். தொற்காள் அம்மா இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் உலை கொதித்தபோது அருமைநாயகம் அரிசிக்குள் கையை விட்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. தண்ணீர் வற்றுகிறதே என்று சொல்ல மாசிலாமணி வாயெடுத்தார். அருமைநாயகத்தின் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு, அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்து வைத்தார்.

ஈஸ்டர் வந்தது, போனது. எப்சிபாவுக்கு எந்த வார்த்தையும் போகவில்லை. அருமைநாயகம் அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை.

அவருக்குக் கோபம் வராமல் இல்லை. ஒருநாள் பாதி வாக்கியம் வெளியே வந்துவிட்டது. கை அரிசிக்குள் இருந்ததால் மீதி நின்றது. மீதிப் பாதி எங்கே வே என்று மாசிலாமணி கேட்டார். இன்னொரு நாள் முழு வாக்கியமும் வந்தது. அன்றைக்கு அவர் சோறு வேகும் முன்னால் போய் மன்னிப்புக் கேட்டார். முன்பெல்லாம் இதற்கு உமக்கு விடிய வேண்டியிருக்கும் என்றார் மாசிலாமணி. சில நாட்கள் கோபம் வரவே இல்லை. அந்த நாட்களை யாரும் கவனிக்கவில்லை. அவரும்.

பதநீர்க் காலம் முடிந்து காற்றுக் காலம் தொடங்கியது. மணல் எல்லாவற்றின் மீதும் படிந்தது.

அப்படி ஒரு முற்பகலில் எப்சிபா வந்தார்.

தோளில் ஒரு துணிப்பை. ஜெபக்கூடத்து வாசலில் தொற்காள் அம்மாவோடு நின்று பேசினார். அக்காள் தன் மகனோடு இருக்கப் பெங்களூருக்கே போகிறார். எப்சிபாவையும் கூப்பிடுகிறார். இவருக்கும் சேர்த்துப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. சாயங்காலம் ரயில். அங்கே போய்விட்டால் திரும்பி வருவது நடக்காது என்று எப்சிபாவுக்குத் தெரிந்திருந்தது. இங்கிருந்து ஒரு வார்த்தை வரும் என்று இத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வரவில்லை. அதனால் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தார்.

அம்மா ஆள் அனுப்பி அருமைநாயகத்தைக் கூப்பிட்டார். அவர் கஞ்சி வடித்த ஈரக் கையோடு வந்தார். மனைவியைக் கண்டதும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். எப்சிபா மெலிந்திருந்தார்.

எப்சிபா அவரிடம் எதுவும் பேசவில்லை. அம்மாவிடம்தான் கேட்டார்.

"ஒத்த வார்த்த சொல்லுங்கம்மா. இவுக மாறிட்டாகளா?"

"இன்னைக்குக் காலையில ஏசல" என்றார் தொற்காள் அம்மா.

"மத்தியானம்?"

"மத்தியானம் இன்னும் வரலையே, அக்கா."

"இனிமே ஏச மாட்டாகளா?"

"அது எனக்குத் தெரியாது."

எப்சிபா பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். அத்தனை தூரம் பேருந்து மாறி மாறி வந்தது இதற்குத்தானா என்று நினைத்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னது அது அல்ல. கணவரின் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க. இனிமே கத்த மாட்டீகளா?"

அந்தக் கேள்விக்கு அருமைநாயகத்திடம் எப்போதும் ஒரு பதில் இருந்தது. எத்தனையோ தடவை சொன்ன பதில். எப்சிபாவுக்கும் அது தெரியும். அவர் வாய் திறக்கும்போதே எப்சிபாவின் கண் பாதைப் பக்கம் போய்விட்டது.

"தெரியல" என்றார் அருமைநாயகம்.

எப்சிபாவின் கண் திரும்பி வந்தது.

"நேத்து மாசிலாமணிய ஏசிட்டேன். ஒரு விறகுக்கு. பொறவு போயி மன்னிப்புக் கேட்டேன்." மூச்சு வாங்கினார். "உன்னையும் ஏசுவேன்னுதான் பயமா இருக்கு. ஏசினா அன்னைக்கே உங்கிட்ட வந்து நிப்பேன். அதுக்கு மேல சொல்லுததுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல."

காற்று மணலை வாரி வாசலில் போட்டது. அடுக்களையில் சட்டி உருளும் சத்தம் கேட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் வாயிலிருந்து கேளாத எதையோ கேட்டதுபோல எப்சிபா நின்றார். பிறகு தொற்காள் அம்மாவிடம் திரும்பினார்.

"என்னம்மா, இவுக இப்படிச் சொல்லுதாக?"

"அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா" என்றார் தொற்காள் அம்மா.